டொனேட் பட்டன் வைத்தால் நாற்பது மாநிலத்திலும் பதிவா?

கேள்வி, 2024 அக்டோபர் 5

நியூ ஜெர்சியில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்துகிறோம். மத்திய வரித்துறையான ஐஆர்எஸ் தரும் வரிவிலக்குக் கடிதம், 501(சி)(3), கையில் இருக்கிறது. போன மாதம் எங்கள் இணையதளத்தில் நன்கொடைப் பட்டன் வைத்தோம். நேற்று ஒருவர் போன் போட்டு, "பட்டன் வைத்த அன்றைக்கே நாற்பது மாநிலத்திலும் பதிவு செய்திருக்கணும், இல்லேன்னா அபராதம்" என்று வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டார். ஐஆர்எஸ் ஒப்புதல் வந்த பிறகும் மாநிலம் மாநிலமாக அலைய வேண்டுமா? வருஷத்துக்கு மொத்தமாகவே 30,000 டாலர்தான் வருகிறது.

2024 அக்டோபர் 5, இரவு

போன் போட்டவர் சொன்னதில் பாதி சரி, மீதி அவர் சேர்த்த காரம்.

ஐஆர்எஸ் கடிதம் வரி சம்பந்தப்பட்டது. உங்களுக்கு வருமான வரி இல்லை, கொடுப்பவருக்கு வரிக்கழிவு உண்டு, அவ்வளவுதான். பொதுமக்களிடம் "காசு கொடுங்கள்" என்று கேட்பதை ஒவ்வொரு மாநிலமும் தனிச் சட்டம் வைத்துக் கண்காணிக்கிறது. ஏறக்குறைய 40 மாநிலங்களிலும் வாஷிங்டன் டிசியிலும் கேட்பதற்கு முன்பே பதிவு வேண்டும், அல்லது விலக்கு இருப்பதைக் காட்ட வேண்டும். இந்தச் சட்டங்களின் கண் கேட்கும் செயல்மேல் இருக்கிறது. உங்கள் அலுவலகம் எந்த ஊரில் என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. எடிசனில் உட்கார்ந்து ஃபிலடெல்ஃபியாக்காரருக்குக் கடிதம் போட்டால் பென்சில்வேனியாவில் கேட்டதாகத்தான் கணக்கு.

பட்டன் விஷயம் கொஞ்சம் வேறு. காலையில் எழுதுகிறேன். நான் இன்னொரு தமிழ் அமைப்பில் ஆறு வருஷம் பொருளாளராக இருந்து அடிபட்டவன், வக்கீல் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

2024 அக்டோபர் 6

இணையம் வந்த புதிதில் மாநில அதிகாரிகளுக்கே இந்தக் குழப்பம் இருந்தது. ஒரு வலைப்பக்கம் ஐம்பது மாநிலத்திலும் தெரிகிறது, அதனால் ஐம்பதிலும் கேட்டதாக ஆகிவிடுமா? 1999-இல் தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டன் நகரில் கூடிப் பேசினார்கள். 2001-இல் வழிகாட்டுதலாக வெளியிட்டார்கள். பெயரே சார்ல்ஸ்டன் கோட்பாடுகள். சட்டம் அல்ல, அறிவுரைதான். ஆனால் எல்லோரும் கையில் எடுப்பது அதைத்தான்.

என் பாஷையில் சொன்னால், வெளிமாநில அமைப்பு ஒன்று பட்டன் வைத்ததாலேயே மாட்டிக்கொள்ளாது. அந்த மாநிலத்து ஆட்களைக் குறிவைத்துக் கேட்டிருக்க வேண்டும். அல்லது அங்கிருந்து பணம் திரும்பத் திரும்ப வர வேண்டும், இல்லையென்றால் கணிசமாக வர வேண்டும். இணையதளத்துக்கு வரச் சொல்லி அந்த ஊர்க்காரர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினாலும் கணக்கில் சேரும். எத்தனை தடவை வந்தால் "திரும்பத் திரும்ப", எவ்வளவு வந்தால் "கணிசம்" என்பதை எண்ணாகச் சொல்லும் வேலையை அந்தந்த மாநிலத்திடமே விட்டுவிட்டார்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று. கடிதம், போன், விழா என்று இணையத்துக்கு வெளியே நீங்கள் அங்கே கேட்டாலே போதும். அதற்கப்புறம் பட்டனைப் பற்றி ஆராய்ச்சி தேவையில்லை, பதிவு செய்தே ஆக வேண்டும்.

2024 அக்டோபர் 6, மாலை

டெக்சஸில் எப்படி என்று கேட்ட டல்லாஸ் அன்பருக்கு: அங்கே சாதாரண தர்ம அமைப்புக்கு இந்தப் பதிவு கிடையாது. போலீஸ், தீயணைப்பு, முன்னாள் படைவீரர் பெயரைச் சொல்லிக் கேட்பவர்களுக்குத்தான் தனி விதி. எங்கள் பக்கத்து வீடான டெலாவேரிலும் கிடையாது. அரிசோனாவில் இருந்தது, 2013-இல் எடுத்துவிட்டார்கள், படைவீரர் அமைப்புகளுக்கு மட்டும் மிச்சம் வைத்தார்கள். லூசியானாவில் கூலிக்கு ஆள் வைத்து வசூலித்தால்தான் பேச்சே.

2024 அக்டோபர் 8

சின்ன அமைப்புகளுக்குப் பல மாநிலங்களில் தொகை வரம்பு உண்டு, வசூல் அதற்குள் இருந்தால் பதிவு வேண்டாம். நியூயார்க், பென்சில்வேனியா, மேரிலாந்து, மிச்சிகன், ஜார்ஜியா எல்லாம் 25,000 டாலரை ஒட்டியே வைத்திருக்கின்றன. வசூலுக்குக் கூலி ஆள் வைக்கக் கூடாது என்பது கூடவே வரும் நிபந்தனை. அந்தந்த மாநிலத்திலிருந்து வருஷத்துக்கு 25,000 வராத வரைக்கும் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

2024 அக்டோபர் 9

மேலே கடைசி வரி தப்பு. பென்சில்வேனியா நண்பர் தனியாக எழுதிக் காதைத் திருகினார்.

நியூயார்க்கின் ஆண்டுப் படிவம் "நியூயார்க்கிலிருந்து வந்த நன்கொடை" என்றுதான் கேட்கிறது. பென்சில்வேனியா அப்படி இல்லை. எல்லா இடத்திலிருந்தும் வந்த மொத்த நன்கொடையைப் பார்க்கிறது. அங்கிருந்து 500 டாலர்தான் வந்தது, ஆனால் நாடு முழுக்க 40,000 வசூல் என்றால் விலக்கு கிடையாது. எல்லையைத் தாண்டி 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். 25,000 என்ற ஒரே எண்ணுக்கு ஆற்றின் இந்தப் பக்கம் ஒரு பொருள், அந்தப் பக்கம் வேறு பொருள். நான் ஆறு வருஷமும் இதைத் தப்பாகப் படித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கலிஃபோர்னியாவில் தொகை வரம்பே கிடையாது. அங்கே போய்க் கேட்டால் நூறு டாலர் அமைப்பும் பதிவு செய்ய வேண்டியதுதான்.

2024 அக்டோபர் 12

"நாங்கள் பள்ளிக்கூடம், கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு உண்டே" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே வாக்கியத்தை நான் ஒரு கூட்டத்தில் மேசையைத் தட்டிச் சொன்னவன்.

விலக்கு உண்டு, உண்மை. நியூ ஜெர்சியை எடுத்துக்கொண்டால், பாடத்திட்டத்தை மாநிலக் கல்வித்துறையோ அங்கீகாரம் தரும் அமைப்போ ஏற்றிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாடகை வகுப்பறையில் "அம்மா, ஆடு, இலை" சொல்லிக்கொடுப்பது எவ்வளவு புண்ணியமான வேலையாக இருந்தாலும், அங்கீகாரத் தாள் இல்லையென்றால் அந்தக் கணக்கில் பள்ளி இல்லை. சில தமிழ்ப் பள்ளிகள் அங்கீகாரம் வாங்கியிருக்கின்றன. அவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

கோயில் கதை வேறு. சமய அமைப்புகளுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் விலக்கு. ஒரே கட்டடத்தில் மாடியில் கோயில், கீழே தமிழ்ப் பள்ளி; இரண்டும் தனித்தனி அமைப்பு என்றால் முருகனுக்குள்ள விலக்கு முதலாம் வகுப்புக்கு இறங்கி வராது.

2024 அக்டோபர் 13

யாரிடம் பதிவு செய்வது என்று கேட்டவருக்கு. நியூயார்க், கலிஃபோர்னியா, இல்லினாயில் மாநிலத் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல். மேரிலாந்து, ஜார்ஜியாவில் மாநிலச் செயலாளர். நியூ ஜெர்சியில் நுகர்வோர் விவகாரப் பிரிவு. ஃப்ளோரிடாவிலும் வர்ஜீனியாவிலும் விவசாயத் துறை! கேலி செய்யவில்லை. இரண்டு மாநிலத்திலும் விவசாயமும் நுகர்வோர் பாதுகாப்பும் ஒரே துறை, தர்மக் கணக்கும் அங்கேதான். ஆரஞ்சுத் தோட்டத்தையும் நம் பொங்கல் விழாவையும் ஒரே துறை பார்க்கிறது. யோசித்தால் பொங்கலுக்குப் பொருத்தம்தான்.

2024 அக்டோபர் 13, இரவு

எல்லா மாநிலத்துக்கும் பொதுவான ஒரே படிவம் உண்டு என்று இங்கே ஒருவர் சொன்னதற்கு: இருந்தது. நானும் ஒரு தடவை நிரப்பினேன். பல மாநிலங்கள் சொந்த ஆன்லைன் வாசலைத் திறந்துகொண்ட பிறகு அதை நம்பிப் பிரயோஜனம் இல்லை. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு பாஸ்வேர்ட்.

2024 அக்டோபர் 20

எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் அறிவுரை மட்டும் கொடுப்பது நியாயமில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்ததே, அந்த வாரம். எங்கள் குழுவில் பாதிப் பேர் டெல்டாக்காரர்கள். தென்னை மொத்தமாகச் சாய்ந்து கிடக்கும் படங்கள் வந்துகொண்டே இருந்தன. ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பக்கம் தயார் செய்து, வாட்ஸ்அப்பில் தெரிந்த குழுவுக்கெல்லாம் தட்டிவிட்டோம். மூன்று வாரத்தில் பதினான்கு மாநிலத்திலிருந்து பணம் வந்தது. பதிவு என்று ஒரு வார்த்தை இருப்பதே அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாநில அலுவலகத்திலிருந்து கடிதம். மிரட்டல் எல்லாம் இல்லை. "நீங்கள் எங்கள் மாநிலத்தில் நன்கொடை கேட்பதாகத் தெரிகிறது. பதிவு செய்யவும், அல்லது ஏன் தேவையில்லை என்று எழுதவும்." தலைவர் அதைப் படித்துவிட்டு என்னிடம் தள்ளினார். நான் உட்கார்ந்து பதில் எழுதினேன், விலக்குக்குள் வந்தோம், முடிந்தது. பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை என்று அன்றைக்குத் தெம்பு வந்தது. அந்தத் தெம்புதான் அடுத்த தப்புக்கு வழி.

2019-இல் எங்கள் உறுப்பினர் ஒருவர் வேலை மாறி ஃப்ரீமாண்ட் போனார். அங்கே நம் ஆட்களைக் கூட்டி ஒரு விருந்து வைத்து நன்கொடை திரட்டலாம் என்றார். சரி, கலிஃபோர்னியாவில் முறையாகவே செய்வோம் என்று பதிவுக்கான சிடி-1 படிவம் நிரப்பி, அப்போதிருந்த 25 டாலர் கட்டணம் கட்டினேன். (இப்போது 50, 2022-இலிருந்து.) நம்பர் வந்தது. விருந்து நடந்தது, பிரியாணி நன்றாக இருந்ததாம். பிறகு கோவிட். அடுத்த வருஷம் நான் பதவியை விட்டேன். புதியவரிடம் சாவி, செக் புத்தகம், பேங்க் பாஸ்வேர்ட் எல்லாம் கொடுத்தேன். ஒவ்வொரு வருஷமும் பதிவைப் புதுப்பிக்க ஆர்ஆர்எஃப்-1 என்று ஒரு படிவம் அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவர் கேட்கவில்லை என்கிறார். அது இன்னும் தீரவில்லை.

இந்த வருஷம் ஜூலையில் ஓர் உறுப்பினரின் கம்பெனி, ஊழியர் கொடுக்கும் தொகைக்கு ஈடாகத் தரும் திட்டத்தில் எங்கள் பெயர் தகுதியில்லை என்று காட்டியது. ஐஆர்எஸ்ஸில் போய்ப் பார்த்தோம், பெயர் ஒழுங்காக இருந்தது. ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் கலிஃபோர்னியா பதிவேட்டைத் திறந்தோம். எங்கள் பெயருக்கு எதிரே "டெலின்க்வென்ட்", அதாவது தாக்கல் தவறியவர்.

2024 அக்டோபர் 21

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். "ஏபி 488 என்றால் என்ன" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பெயரையே நான் சொல்லவில்லை, ஆனால் சரியாகத்தான் மோப்பம் பிடித்திருக்கிறீர்கள்.

ஆன்லைனில் நன்கொடை வாங்கித் தரும் தளங்களுக்கென்று கலிஃபோர்னியா கொண்டுவந்த சட்டம் அது. 2021-இல் கையெழுத்து, 2023 ஜனவரியில் நடைமுறை, விரிவான விதிகள் இந்த ஜூன் 12-இலிருந்து. நல்ல நிலையில் இல்லாத அமைப்புக்குத் தளங்கள் நன்கொடை கேட்கக் கூடாது. நல்ல நிலை என்றால் மூன்று இடத்தில் கறை இருக்கக் கூடாது: ஐஆர்எஸ், மாநில வரி வாரியம், அட்டர்னி ஜெனரலின் பதிவேடு. இயங்கவோ கேட்கவோ கூடாதவர்களின் பட்டியலை அந்த அலுவலகம் வெளியிடுகிறது, தளங்கள் அதை எடுத்துத் தங்கள் கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்கின்றன. நியூ ஜெர்சி அமைப்பு, நியூ ஜெர்சி உறுப்பினர், வேறெங்கோ கம்பெனி. ஆனாலும் வழியில் இருக்கும் தளம் கலிஃபோர்னியா பட்டியலைப் பார்த்துக் கதவை மூடிவிடும்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், அங்கே ஒருபோதும் பதிவே செய்யாத அமைப்பின் பெயர் அந்தப் பட்டியலில் அவ்வளவு எளிதில் வராது. நாணயமாகப் போய்ப் பதிவு செய்து, அப்புறம் மறந்தவன் பெயர்தான் முதலில் வரும். தாலி கட்டியவனுக்குத்தான் விவாகரத்து நோட்டீஸ்.

அதனால் "பதிவே செய்யாதீர்கள்" என்று சொல்லவில்லை. கேட்கும் இடத்தில் பதிவு வேண்டும், அது சட்டம். ஒரு நாள் விருந்துக்காகப் புது மாநிலத்தில் பதிவு செய்யும் முன், அதை வருஷா வருஷம் தூக்கிச் சுமக்க ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். ஆள் இல்லையென்றால் அந்த விருந்தே வேண்டாம்.

2024 நவம்பர் 2

"இதெல்லாம் சின்னவர்களை நசுக்கத்தான், பெரிய திருடன் தப்பித்துக்கொள்வான்" என்று ஒருவர் கொதித்திருக்கிறார். பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2015 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். புற்றுநோய் பெயரைச் சொல்லி வசூலித்த நான்கு அமைப்புகள்மீது மத்திய வர்த்தக ஆணையமும் ஐம்பது மாநிலங்களும் டிசியும் சேர்ந்து வழக்குப் போட்டன. மக்களிடம் வாங்கியது 18.7 கோடி டாலருக்கு மேல் என்பது குற்றச்சாட்டு. சொந்தக்காரர்களுக்கு வேலை, உல்லாசப் பயணம், கார் என்று போயிருந்தது. மாநிலங்களிடம் இருந்த காகிதம்தான் இப்படிப்பட்டவர்களைப் பிடிக்க உதவுகிறது.

உச்ச நீதிமன்றமும் மாநிலங்களை இஷ்டத்துக்கு விடவில்லை. 1980-இல் ஷாம்பர்க் என்ற இல்லினாய் ஊர், வசூலில் 75 சதவீதம் தர்மத்துக்குப் போகாவிட்டால் வீடு வீடாகக் கேட்கக் கூடாது என்றது. செல்லாது என்றார்கள், கேட்பதும் பேச்சுரிமைதான் என்று. 1988-இல் வட கரோலைனா, கூலி வசூல்காரர் கேட்கும்போதே தர்மத்துக்குப் போகும் சதவீதத்தையும் சொல்ல வேண்டும் என்றது. அதுவும் செல்லாது. 2021 ஜூலை 1-இல், பெரிய நன்கொடையாளர் பெயர்ப் பட்டியலை எல்லோரும் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கலிஃபோர்னியாவின் விதி 6-3 என்று விழுந்தது. பதிவு செய், கணக்குக் காட்டு என்பது மட்டும் எல்லா அடியையும் தாங்கி நிற்கிறது.

2024 நவம்பர் 2, இரவு

சம்பந்தமில்லாதது, ஆனால் பொங்கல் வருகிறது. விழாவில் குலுக்கல் சீட்டு விற்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பதிவு அதற்குப் போதாது. நியூ ஜெர்சியில் அதற்குத் தனி ஆணையம், தனி அடையாள எண், நகராட்சி உரிமம். பரிசு ஒரு பிரஷர் குக்கர்தானே என்று நினைக்காதீர்கள்.

2024 நவம்பர் 17

"எந்த மாநிலத்திலிருந்து எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

மொய் நோட்டுதான். நம்மூரில் பெயருக்கு முன்னால் ஊரை எழுதுவார்களே, அதே மாதிரி மாநிலத்துக்கு ஒரு கட்டம் போடுங்கள். நன்கொடைப் பக்கத்தில் முகவரியைக் கட்டாயக் கேள்வியாக வையுங்கள். சிக்கல் ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையில்தான். பணம் வருகிறது, பெயர் வருகிறது, ஊர் வருவதில்லை. கஜா சமயத்தில் வந்ததில் ஒரு பங்கு "நாகராஜன் மச்சான்" என்ற குறிப்போடு ஸெல்லில் வந்தது. யாருடைய மச்சான், எந்த மாநிலம் என்று இரண்டு நாள் விசாரித்தோம்.

வாட்ஸ்அப் குழு பற்றி இன்னும் குழம்புகிறேன். சார்ல்ஸ்டனில் உட்கார்ந்தவர்கள் காலத்தில் அது இல்லை. மின்னஞ்சலுக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும் என்றே வைத்துக்கொள்கிறேன். "பே ஏரியா தமிழர்கள்" என்று பெயர் உள்ள குழுவில் கோரிக்கை போட்டுவிட்டு, கலிஃபோர்னியாவைக் குறிவைக்கவில்லை என்று யாரிடம் சொல்வது?

2024 டிசம்பர் 1

திரட்டிய பணத்தை ஊரில் ஒரு பள்ளிக்கு அனுப்பப் போவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். இங்கே நாற்பது மாநிலம் என்று அழுகிறோம், அங்கே ஒரே டெல்லி போதும். வாங்கும் அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ என்ற இந்திய வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புது டெல்லி பிரதானக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும், அது பட்டுக்கோட்டைக்குப் போகிற பணமாக இருந்தாலும். வாங்கிய அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றியும் விட முடியாது. அனுப்பும் முன் அவர்களின் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

2025 ஜனவரி 11

முதலில் கேள்வி கேட்டவர் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறார், கணக்கோடு. அந்த 30,000-இல் 22,000 பிள்ளைகள் கட்டிய கட்டணமாம்!

ஐயா, இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு தட்டச்சு மிச்சம். வகுப்புக்குக் கட்டும் கட்டணம் நன்கொடைக் கணக்கில் வராது. மீதி 8,000தான் நன்கொடை. பென்சில்வேனியாவின் 25,000-க்குள் தாராளமாக இருக்கிறீர்கள். அதைவிட நான் கேட்க மறந்த கேள்வி: சொந்த வீடான நியூ ஜெர்சியில் தர்ம அமைப்பாகப் பதிவு செய்திருக்கிறீர்களா? "சான்றிதழ் இருக்கிறதே" என்று அவர் படம் அனுப்பினார். அது நிறுவனமாகத் தோற்றுவித்த சான்றிதழ், கருவூலத் துறையிலிருந்து வருவது. நன்கொடைப் பதிவு நுகர்வோர் விவகாரப் பிரிவில், அது வேறு. நல்ல வேளை, 10,000 டாலருக்குள் நன்கொடை, எல்லா வேலையும் சம்பளமில்லாத தொண்டர்கள் என்றால் நியூ ஜெர்சியிலும் பதிவிலிருந்து விலக்கு. ஆசிரியர்கள் யாருக்கும் சம்பளம் இல்லை என்கிறார். நாளைக்கு ஓர் ஆசிரியருக்குச் சம்பளம் போட்டால் அந்த விலக்கு போய்விடும். 10,000-ஐத் தாண்டினால் 25,000 வரை சிஆர்ஐ-200 என்ற சின்னப் படிவம், அதற்கு மேல் பெரிய படிவம்.

ஆக, நாற்பது மாநிலம் என்று பயந்தவருக்கு இன்றைய தேதியில் பட்டனை அப்படியே வைத்துக்கொண்டு, கலிஃபோர்னியாப் பக்கம் போய் விருந்து வைக்காமல் இருந்தால் போதும்.

2025 ஜனவரி 12

ஐஆர்எஸ்ஸுக்கு ஆண்டுக் கணக்காக 990-ஈஇஸட் படிவம் போடுகிறவர்கள் 41-ஆம் வரியைப் பாருங்கள். எந்தெந்த மாநிலத்தில் இதன் நகல் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்கும். முழு 990-இல் ஆறாம் பகுதி, 17-ஆம் வரி. நான் ஆறு வருஷமும் "நியூ ஜெர்சி" என்று மட்டும் எழுதினேன், கலிஃபோர்னியா நம்பர் வாங்கிய பிறகும்.

2025 மார்ச் 22

எங்கள் கலிஃபோர்னியா விவகாரம் என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு.

விட்டுப்போன வருஷங்களுக்கெல்லாம் ஆர்ஆர்எஃப்-1 போட்டோம். 50,000-க்குக் கீழே வரவு இருந்த வருஷங்களுக்குப் பொருளாளர் அறிக்கை என்று சிடி-டிஆர்-1 கூடவே. பழைய வங்கி அறிக்கைகளைத் தேடி எடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. தாமதக் கட்டணம் மாதத்துக்கு 25 டாலர், அதை அமைப்பின் பணத்திலிருந்து கட்டக் கூடாது, தாமதத்துக்குக் காரணமான பொறுப்பாளர்கள்தான் கட்ட வேண்டும். இது எனக்கு அப்போதுதான் தெரியும். நானும் எனக்குப் பின் வந்தவரும் முன்னாள் தலைவரும் மூன்றாகப் பங்கு போட்டோம். யார் யாரிடம் சொன்னது, யார் கேட்கவில்லை என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

போன வாரம் பதிவேட்டில் "கரண்ட்", அதாவது எல்லாம் ஒழுங்கு, என்று மாறியிருந்தது. முன்னாள் தலைவர் இப்போது வேறு மாநிலத்துக்குக் குடிபோய்விட்டார். தன் பங்கை எனக்கு ஸெல்லில் அனுப்பினார். குறிப்பில் "நன்கொடை" என்று போட்டிருக்கிறார்.